வாக்குச்சாவடியில் ஆசிரியர்: தேர்தல் கால நடத்தை விதிகள்

ஒரு சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். விரலில் மை வைத்துக்கொண்ட மூதாட்டி ஒருவர், மறைவிடத்துக்குப் போகாமல் என் மேசைக்கு வந்து நின்றார். நான் அந்த ஊருக்குப் புதியவன். ஆசிரியர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

“வாத்தியாரே, எதுல அமுக்கணும்னு நீங்களே சொல்லுங்க சாமி. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

முகவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அட்டையில் அச்சிட்ட மாதிரி இயந்திரத்தை எடுத்து, அவர்கள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு சொன்னேன்: “உங்களுக்குப் பிடிச்ச சின்னத்துக்கு நேரா இருக்கிற நீலப் பொத்தானை அழுத்துங்கம்மா. பீப் சத்தம் வரும். யாருக்குன்னு நான் சொல்லக் கூடாது.” அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பீப் சத்தம் கேட்டது. யாரும் எந்த ஆட்சேபமும் எழுப்பவில்லை.

அந்த அமைதி தானாகக் கிடைத்ததல்ல. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு வேட்பாளரின் பேச்சுக் காணொலியை முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தேன். நல்ல பேச்சு என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை. சக ஆசிரியர் ஒருவர் உடனே அழைத்தார். “சார், முதல்ல அதை நீக்குங்க. நாளைக்கு ஏதோ ஒரு பூத்ல நீங்க உட்காரணும்” என்றார். நீக்கினேன். அந்தக் காணொலி யாராவது ஒரு முகவரின் கைபேசிக்குப் போயிருந்தால், மூதாட்டிக்கு நான் சொன்ன விளக்கத்தை அவர் நம்பியிருப்பாரா? அதன் பிறகுதான் விதிகளை முழுமையாகப் படித்தேன்.

விதிகள் சொல்வது என்ன?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அரசுப் பள்ளி ஆசிரியர்களான நம்மையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் சாரம் இது:

• அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது.
• தேர்தலில் யாருக்காகவும் வாக்குக் கேட்கவோ, செல்வாக்கைப் பயன்படுத்தவோ கூடாது.
• வாக்களிக்கலாம். ஆனால் யாருக்கு வாக்களிக்கப் போகிறோம், யாருக்கு வாக்களித்தோம் என்பதை வெளிக்காட்டக் கூடாது.
• தேர்தல் சின்னத்தை உடையிலோ வாகனத்திலோ வீட்டிலோ காட்டுவதும் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகவே கொள்ளப்படும்.

இந்த விதிகள் எழுதப்பட்டபோது கைபேசி இல்லை. ஆனால் வாக்குக் கேட்பது சுவரில் எழுதினாலும் ஒன்றுதான், ‘ஸ்டேட்டஸ்’ வைத்தாலும் ஒன்றுதான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951 இன்னும் கடுமையானது. அரசுப் பணியில் உள்ளவர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, வாக்கு எண்ணிக்கை முகவராகவோ செயல்பட்டால் பிரிவு 134அ-வின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தேர்தல் பணியில் இருக்கும் அலுவலர் ஒருவரை வாக்களிக்கத் தூண்டினாலோ தடுத்தாலோ பிரிவு 129-இன்படி தண்டனை ஆறு மாதம் வரை போகலாம். மூதாட்டிக்கு நான் ஒரு சின்னத்தைச் சொல்லியிருந்தால் இந்தப் பிரிவுதான் பாய்ந்திருக்கும்.

அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குரிய நடத்தை நெறிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். எனினும் அரசு நிதியில் பெரிதும் இயங்கும் நிறுவனங்களின் பணியாளர்களையும் தேர்தல் பணிக்கு அழைக்கப் பிரிவு 159 வழி செய்கிறது. பணிக்கு வந்துவிட்டால் பிரிவு 129 எல்லோருக்கும் பொது.

தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு?

எங்கள் பள்ளிக்கு வாசிப்புப் பயிற்சி தர வரும் தொண்டு நிறுவனத் தம்பி ஒருவர் கேட்டார்: “சார், நான் அரசு ஊழியர் இல்லையே, நான் பிரசாரத்துக்குப் போகலாமா?”

நியாயமான கேள்வி. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவருக்குப் பொருந்தா. தன் சொந்த நேரத்தில், தன் சொந்தப் பெயரில் ஒரு குடிமகனாக அவர் ஈடுபடலாம். அவரது நிறுவனம் வேறு விதி வகுத்திருந்தால் அதை அவர் மதிக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் பெயர், வாகனம், பணம், பெற்றோர் தொலைபேசிப் பட்டியல் ஆகியவை பிரசாரத்துக்குப் போகக் கூடாது. அரசியல் தன்மை கொண்ட அமைப்பு என அறிவிக்கப்பட்ட நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை பெற முடியாது என்கிறது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. ஓர் ஊழியரின் கவனக்குறைவு நிறுவனத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். பள்ளி வளாகத்துக்குள் அவரும் நம்மைப் போலத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

நம் வாக்கை இழக்க வேண்டாம்

கட்சி சாராமல் இருப்பது வாக்களிக்காமல் இருப்பதல்ல. பணியாற்றும் இடம் நம் தொகுதிக்கு வெளியே என்றால் படிவம் 12-இல் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். அதே தொகுதி என்றால் படிவம் 12அ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று பெற்று, பணியாற்றும் சாவடியிலேயே வாக்களிக்கலாம். பயிற்சி வகுப்பு நாளிலேயே இதைக் கேட்டு முடித்துவிடுவது நல்லது.

வகுப்பறையில் செய்யலாம்

“சார், நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?” என்று மாணவர்கள் கேட்பார்கள். அதட்டி உட்கார வைக்க வேண்டாம். அந்தக் கேள்வியையே பாடமாக்கலாம். வகுப்புத் தலைவர் தேர்தலை முதலில் கையுயர்த்தி நடத்துங்கள். பிறகு அதே தேர்தலைத் துண்டுச் சீட்டில் மறைவாக நடத்துங்கள். இரண்டு முடிவுகளையும் கரும்பலகையில் எழுதி, ஏன் மாறின அல்லது மாறவில்லை என்று பேச விடுங்கள். என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள்: “கை தூக்கும்போது பக்கத்துல யார் தூக்குறாங்கன்னு பார்த்தேன் சார்.” வாக்கு ஏன் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை இயந்திரத்துக்கு முத்திரையிட்டபோது எல்லாக் கட்சி முகவர்களும் கையெழுத்திட்டார்கள். கிளம்பும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார் எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் தெரியலையே!”

தேர்தல் பணியில் எனக்குக் கிடைத்த சிறந்த நற்சான்று அது.