வீட்டிலேயே கார் சார்ஜ்: புனே போபோடிவாசிகளுக்குச் சில குறிப்புகள்

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் சார்ஜரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆபத்து இருப்பதோ அந்த வயரில்தான்.

1. கீசருக்குப் போட்ட 15 ஆம்பியர் சாக்கெட் போதும் என்று நினைக்காதீர்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் முழுதாக ஏற ஆறேழு மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும். போபோடி, கட்கி பக்கத்துப் பழைய கட்டடங்களில் வயரும் பழையது. சூடேறிச் சாக்கெட் உருகிவிடும். மீட்டரிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் தூரமென்றால் இன்னும் தடித்த வயர் வேண்டும்.

2. எர்த்திங் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் வயர்மேன்கள் உண்டு. அனுமதிக்கவே கூடாது, காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயலாம். புது எர்த் குழி தோண்டச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். அதில் ‘ஏ’ வகையைக் கேட்டு வாங்குங்கள்.

3. 7.2 கிலோவாட் சார்ஜர் எல்லோருக்கும் தேவையில்லை. நகருக்குள் தினம் 40 கி.மீ. ஓட்டினால் 6, 7 யூனிட்தான் செலவு. சாதாரண 3.3 கிலோவாட்டிலேயே இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். பெரிய சார்ஜர் என்றால் 32 ஆம்பியர், 6 சதுர மி.மீ. வயர், கூடுதல் மின்சுமைக்கு அனுமதி என்று செலவு வளரும்.

4. சொசைட்டி கமிட்டி தயங்கினால் சண்டை வேண்டாம், சட்டத்தைக் காட்டுங்கள். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, அடுக்குமாடியில் இருப்பவரும் காருக்கென்று தனி மின் இணைப்புக் கேட்கலாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனின் வரைபடத்தோடு கடிதம் கொடுத்தால் சேர்மனின் பயம் பாதி தீரும்.

5. வீட்டு மீட்டரிலேயே ஏற்றினால் பில்லைக் கவனியுங்கள். மின் விநியோக நிறுவனமான மகாவிதரணின் கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 1,200 கி.மீ. ஓட்டினால் சுமார் 200 யூனிட் கூடும். கூடும் யூனிட்டுகள் மேல் படிக் கட்டணத்தில் விழும். தனி மீட்டர் யாருக்கு லாபம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

6. ராத்திரியில்தான் மின்சாரம் மலிவு என்பது பழைய பேச்சு. மகாராஷ்டிரத்தில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு 2025 ஜூலை முதல் பகல் 9 மணியிலிருந்து 5 மணி வரை சலுகை உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பகலிலேயே ஏற்றலாம்.

7. புனேயில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவது பெரும்பாலும் வியாழக்கிழமைதான். புதன் இரவே ஏற்றி வையுங்கள்.

8. மழைக்காலத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முளா ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. சாக்கெட்டைத் தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், மூடியுள்ள நீர்புகாப் பெட்டிக்குள் வையுங்கள். 2024 ஜூலை 25 அன்று புனே வெள்ளத்தின்போது டெக்கான் பகுதியில் தண்ணீரில் நின்று தள்ளுவண்டியை நகர்த்திய மூன்று இளைஞர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பார்க்கிங்கில் தண்ணீர் தேங்கினால் அதில் இறங்கிப் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மேலே போய் மெயினை அணையுங்கள்.

9. மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டுக் காரை ஏற்றவே கூடாது. சுருட்டிய வயர் சூடாகித் தீப்பிடிக்கும்.

10. அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும். சில பேட்டரிகளுக்கு மட்டும் அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள். காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். மும்பை போய்த் திரும்பும்போது போர்காட் ஏற்றத்தில் சார்ஜ் வேகமாகக் குறையும்; மலையேறும் முன்பே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.