'நர்ச்சர்': ஒரு சொல்லாய்வு

'நர்ச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பேணி வளர்த்தல் என்று பொருள் கூறுகிறோம். அதன் வேரை ஆராய்ந்தால் வளர்ப்பின் இயல்பு நன்கு விளங்கும்.

இலத்தீன் மொழியின் 'நூட்ரீரே' என்னும் வினையே இதன் மூலம். பாலூட்டுதல், உணவளித்தல் என்பன அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலம் புகுந்தது. 'நர்ஸ்', 'நியூட்ரிஷன்' என்பனவும் இதன் உடன்பிறந்த சொற்களே. வளர்ப்புத்தாயைச் சுட்டும் தொடரிலுள்ள 'ஃபாஸ்டர்' வேறு வேரினது. எனினும் பழைய ஆங்கிலத்தில் அதுவும் உணவையே குறித்தது. பழைய மாணவரைக் குறிக்கும் 'அலும்னஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்பதே பொருள்.

ஆக, வளர்ப்பு உணவில் தொடங்குகிறது. அதனோடு முடிந்துவிடுகிறதா?

சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்குச் சென்றபின் பாலைவழியில் அவளைத் தேடிச் செல்பவள் செவிலியே. ஊட்டும் பருவம் கழிந்த பின்னும் பேணும் கடமை கழியவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

நம் திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிப்பொழுதில் இரு கழுகுகளுக்கு அமுதூட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. கடந்த நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றது. அக்காலத்தே இந்தியாவெங்கும் பாறுகள் அருகின. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளைக் கொல்வதை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. ஒரு கை சோறூட்ட, மற்றொரு கை அறியாமலே நஞ்சூட்டினால் உயிர்கள் எங்ஙனம் தழைக்கும்?

இதனாலன்றோ நம் சமணச் சான்றோர் ஆகார தானத்தோடு நில்லாது, ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் ஆகியவற்றையும் சேர்த்துத் தானம் நான்கென வகுத்தனர். உணவு உடலை வளர்க்கும். மருந்து நோயை நீக்கும். நூல் அறிவைத் தரும். அபயம் அச்சத்தைப் போக்கும். அச்சத்தோடு உண்ணும் குழந்தைக்கு அறுசுவையும் சுவையாகா. "சோறிட்டு வளர்த்தோம்" எனப் பெற்றோர் அமைதி கொள்ளுதல் போதாது. தவறு செய்த பிள்ளையும் அஞ்சாது வந்து உரைக்கத்தக்க இல்லமே வளர்க்கும் இல்லமாகும்.

சிந்தனைக்கு:
1. நால்வகைத் தானங்களுள் நம் இல்லத்தில் குறைவுபடுவது யாது?
2. பிள்ளைகள் நம்மிடம் சொல்லத் தயங்குவன யாவை? அத்தயக்கத்தை எங்ஙனம் போக்கலாம்?