இடி இடிக்கும்போது கோபுரத்தடியில் ஒதுங்கலாமா?

ஐப்பசி மாதம், சாயங்காலம் நாலு மணி. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குறீங்க. கோயில் பக்கம் வர்றதுக்குள்ள மழை பிடிச்சிருச்சு, கூடவே இடி. எங்கே ஒதுங்குவீங்க?

எங்க ஊர்ப்பக்கம் பல பேர் சொல்ற பதில்: "கோபுரத்தடியில நில்லு. கலசம் இடியை இழுத்துக்கும், ஊருக்கே பாதுகாப்பு." கலசத்துக்குள்ள போடுற வரகுதான் காரணம்னு வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வரும். நானும் நம்பினவன்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, அதுல பாதிதான் உண்மைன்னு தெரிஞ்சது. மீதிப் பாதி ஆபத்தானது.

முதல்ல உண்மையான பாதி. மேகத்திலிருந்து மின்னல் ஒரே தாவலில் விழுவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. தரைக்கு அருகில் வந்ததும், குறிப்பிட்ட தூரத்துக்குள் முதலில் எது சிக்குகிறதோ அதன் மேல் பாய்கிறது. அந்தத் தூரத்துக்கு ஒரு எளிய ஃபார்முலா உண்டு: மின்னோட்டத்தை கிலோ ஆம்பியரில் எடுத்து, அதை 0.65 அடுக்குக்கு உயர்த்தி, 10-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். நடுத்தரமான மின்னல் 30 கிலோ ஆம்பியர். அதுக்குத் தூரம் சுமார் 91 மீட்டர்.

இப்ப அந்த 91 மீட்டரை ஆரமாகக் கொண்ட ஒரு பெரிய பந்தை ஊர் மேல உருட்டுறதா நினைச்சுக்கோங்க. பந்து தொடும் இடத்தில் மின்னல் விழலாம். தொட முடியாத இடத்தில் நேரடியாக விழாது. ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி, அதாவது சுமார் 59 மீட்டர். பந்து அதில் முட்டி நிற்கும்போது, கோபுரத்தைச் சுற்றி ஏறத்தாழ 85 மீட்டர் வரை தரையைத் தொடாது. பாதுகாப்பு அவ்வளவுதான். தேரடித் தெருவில் கொஞ்ச தூரம் வரும், ஊர் முழுக்க வராது. இதுல வரகுக்கு வேலையே இல்லை, உயரம்தான் எல்லாம்.

இன்னொரு விஷயம்: மின்னல் பலவீனமானால் பந்து சின்னதாகிவிடும். 10 கிலோ ஆம்பியருக்கு ஆரம் 45 மீட்டர்தான். கோபுரமே அதைவிட உயரம் என்பதால், அந்தப் பந்து கலசத்தைத் தொடாமல் கோபுரத்தின் பக்கவாட்டிலேயே மோதலாம். பாதுகாப்பு வட்டமும் 45 மீட்டராகச் சுருங்கும்.

இனி ஆபத்தான பாதி. கலசத்தில் விழுந்த மின்னோட்டம் எங்கே போகும்? இடிதாங்கி வைத்து, செம்புப் பட்டையைக் கீழே வரை கொண்டுவந்து நன்றாக எர்த் செய்திருந்தால், அந்தப் பட்டை ஒரு டிரான்ஸ்மிஷன் லைன் மாதிரி. அலை 59 மீட்டரை 0.2 மைக்ரோ செகண்டில் கடந்துவிடும். பட்டையின் இம்பிடன்ஸ் 300 ஓம், எர்த் 10 ஓம் என்று வைத்தால், கீழே வந்த மின்னோட்ட அலையில் 94 சதவீதம் மேலே திரும்பும். இறங்கும் அலையும் திரும்பும் அலையும் சேர்வதால் அடிவாரத்தில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டொராண்டோவின் 553 மீட்டர் சி.என். டவரில் அளந்த மின்னோட்டங்களில் இந்த எதிரொலி தெளிவாகவே தெரியும். பட்டை இல்லையென்றால் இன்னும் மோசம்: செங்கல், சுதைக்குள் இருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, சுதையைப் பெயர்த்துத் தள்ளும்.

கடைசியில் எல்லாம் மண்ணுக்குள்தான் இறங்குது. மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீட்டர், மின்னல் 30 கிலோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அது இறங்குற இடத்திலிருந்து 5 மீட்டரில் நீங்க ஒரு மீட்டர் கால் அகட்டி நின்றால், இரண்டு பாதங்களுக்கும் இடையே சுமார் 16,000 வோல்ட். 20 மீட்டர் தள்ளி நின்றாலும் 1,100 வோல்ட்டுக்கு மேல். அதாவது, பந்து தொடாத அதே வட்டத்துக்குள்ளதான் தரை வழியா அடி வரும். கோபுரம் உங்க தலையைக் காப்பாத்தும்; காலைக் காப்பாத்தாது.

அதனால, இடி இடிக்கும்போது கோபுரச் சுவரை ஒட்டி வெளியே நிற்காதீங்க. மரத்தடியும் வேண்டாம். கண்ணாடி ஏத்தின கார், மூடின பஸ், நல்ல கட்டடத்தின் உட்புறம், இதுல ஏதாவது ஒண்ணு. ஒதுங்க எதுவுமே இல்லைன்னா, உயரமான எதையும் விட்டுத் தள்ளிப் போய், இரண்டு பாதத்தையும் சேர்த்து வெச்சுக் குனிஞ்சு உட்காருங்க.

எப்ப உள்ளே போகணும்? மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிங்க. 30 எண்றதுக்குள்ள இடி கேட்டுட்டா, மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே விழுந்த இடி இங்கே கேட்குதுன்னா, அடுத்தது உங்க தலைக்கு மேல இருக்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளியே வாங்க. பால்கோவா எங்கேயும் ஓடிடாது.