என்ஜின் விளக்கும் புகைச் சான்றும்

வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிப் பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்கு ஓடும் சிறு பெட்ரோல் வண்டிகளில், மஞ்சள் நிற என்ஜின் விளக்கு அணையாமல் எரிவதுண்டு. புகைச் சான்று புதுப்பிக்கும் நாள் நெருங்கியதும் பாட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்போர் உளர். மஞ்சளித்த இலைக்குப் பச்சைச் சாயம் பூசுவது போன்றதே இது. கோளாறு அப்படியே இருக்கும். பதிவான குறியீடுதான் அழிந்துபோகும்.

முதலில் பணிமனையில் ஸ்கேனர் பொருத்திக் குறியீட்டை எழுதி வாங்கவும். பி0131 என வந்தால், ஆக்சிஜன் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் குறைவு என்று பொருள். சென்சாரே கெட்டுவிட்டது என்று பொருளன்று. நம் பகுதிக்கு இரு பருவ மழையும் உண்டு, எலியும் உண்டு. ஈரமேறிய இணைப்பும் கடிபட்ட வயரும் இதே குறியீட்டைக் காட்டக்கூடும். இவற்றைப் பார்த்த பின்னரே புதுச் சென்சாருக்குப் பணம் கொடுக்கவும். (என் காருக்கு இணைப்பைத் துடைத்து உலர்த்தியதே போதுமானதாயிற்று.) ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது.

ஓடும்போது விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே வண்டியை நிறுத்தவும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு பெரிது.

பழுது நீங்கிய பின் சில நாள் ஓட்டி, விளக்கு மீண்டும் எரியாததைக் கண்டு பரிசோதனைக்குச் செல்லவும். சான்று இல்லாவிடில் அபராதம் ரூ.10,000 வரை, ஆகவே காலாவதிக்கு இரு வாரம் முன்பே தொடங்கவும்.