ஸ்னோ விழுமுன் பின்வளவு: இந்த ஃபாலில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அக்டோபர் பிறந்ததும் பின்வளவு இரண்டுங்கெட்டான் நிலைக்கு வந்துவிடும். பந்தலில் பாகல் இன்னும் தொங்கும், பக்கத்து வீட்டு மேப்பிள் சிவந்துவிடும். இந்த நேரத்தில் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் இரண்டு வகை. உறைபனி விழும் இரவு வரை சும்மா இருந்து, ஆசையாய் வளர்த்த கறிவேப்பிலையைப் பறிகொடுப்பவர்கள் ஒரு வகை. ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் பிடுங்கி வழித்துவிட்டு, ஏப்ரலில் எது எங்கே நின்றது என்று தெரியாமல் முழிப்பவர்கள் மற்ற வகை.

குளிர் அவசரப்படுத்தும் வேலைகளை மட்டும் உடனே முடியுங்கள். மற்றதை ஆறுதலாகப் பாருங்கள், ரசியுங்கள், எழுதி வையுங்கள். அடுத்த வருடத் திட்டத்துக்கு வேண்டிய சாட்சியெல்லாம் இப்போதுதான் கண்முன் நிற்கிறது.

செய்ய வேண்டியவை

1. இன்று மாலையே வெளியே ஒரு கதிரையைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக உட்காருங்கள். எந்தக் கத்தரி காய்க்கவில்லை, எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கியது, எந்த மூலையில் உட்கார்ந்தால் வெயில் இதமாக விழுகிறது என்பதெல்லாம் இப்போது தெரியும், மார்ச்சில் மறந்துபோகும். நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள்.

2. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் கறிவேப்பிலையை உள்ளே எடுங்கள். மல்லிகை, எலுமிச்சை, சாடியில் வளரும் முருங்கை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கடும் குளிர் பட்ட பிறகு எடுத்தால் செடி தேறி வர மாதக்கணக்காகும், சிலது தேறாது.

3. உள்ளே எடுக்குமுன் இலைகளைத் திருப்பிப் பார்த்துக் கழுவுங்கள். தண்டிலும் நடு நரம்போரமும் பழுப்பு நிறத்தில் சிறு சிப்பிபோல் ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் கழன்று வருவது செதில் பூச்சி. இலைக்கடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். வீட்டுக்குள் மழையும் இல்லை, இவற்றைத் தின்னும் பூச்சியும் இல்லை. கிறிஸ்மஸுக்குள் ஒன்று நூறாகிவிடும்.

4. உறைபனி எச்சரிக்கை வந்த அன்று பழைய சேலை, பெட்ஷீட் கொண்டு செடிகளை நிலம்வரை மூடுங்கள். செடியைக் காப்பாற்றுவது மண்ணிலிருந்து எழும் சூடுதான், அதனால் துணி தரையைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், அது இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகும். விடிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள்.

5. முதல் உறைபனிக்கு முந்தின நாள் பச்சைத் தக்காளியை எல்லாம் பறியுங்கள். முழு அளவுக்கு வளர்ந்து சற்று வெளிறியவற்றை ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டால் பழுக்கும். கல்லுப்போல் இருப்பவை ஊறுகாய்க்கு ஆகும். கேலையும் கரட்டையும் மட்டும் தோட்டத்திலேயே விடுங்கள், குளிர் பட்டால்தான் அவை இனிக்கும்.

6. அக்டோபர் நடுவில் உள்ளி நடுங்கள். பல்லின் கூர் மேலே பார்க்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்து மேலே வைக்கோல் போடுங்கள். குளிர் வாங்கினால்தான் பல் பிரிந்து நல்ல பூண்டாகும். ஜூலையில் கிண்டி எடுக்கலாம். விதைக்கு உழவர் சந்தையில் உள்ளூர் உள்ளியை வாங்குங்கள், இந்தக் குளிரை அது ஏற்கெனவே தாங்கியது.

7. ரியூலிப், டஃபடில் கிழங்குகளை நிலம் உறையுமுன் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதையுங்கள். மூன்று மாதமாவது குளிரில் கிடக்காவிட்டால் அவை ஒழுங்காகப் பூக்காது. ரியூலிப் கிழங்கை அணில் தோண்டித் தின்னும், மேலே கோழிவலை விரியுங்கள். டஃபடிலில் நஞ்சு இருப்பதால் அதை அணில் தொடாது.

8. வெளிக்குழாயை பேஸ்மென்ட்டில் உள்ள வால்வில் பூட்டி, ஹோஸைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். வெடித்தது வசந்தத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும், அதற்குள் பேஸ்மென்ட் நனைந்திருக்கும்.

9. சீடர் வேலிக்கு நிலம் உறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்காலக் காற்றிலும் வெயிலிலும் அதன் இலை ஈரம் இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் உறிஞ்ச முடியாது. மார்ச்சில் வேலி பழுப்பாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

10. நல்லாய்க் காய்த்த பயற்றங்காய், பாகல் கொடிகளில் ஒன்றிரண்டை முற்ற விட்டு விதை எடுங்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் வருடமும் எழுதுங்கள். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்ட விதையிலிருந்து வந்த கொடியானால் வேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது.

11. மண்ணை இப்போதே பரிசோதனைக்கு அனுப்புங்கள். குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் கட்டணத்துக்குச் செய்து தருகிறது. முடிவு குளிர்காலத்தில் கையில் இருந்தால், வசந்தத்தில் கண்டபடி உரம் வாங்கிக் கொட்ட மாட்டீர்கள்.

12. வேலி, டெக், புதிய மரம் எதுவானாலும் தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காஸ், மின்சாரக் குழாய்கள் ஓடும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். 2012ஆம் ஆண்டின் மாகாணச் சட்டத்தின் கீழ் இயங்கும் சேவை இது, மண்வெட்டியால் தோண்டினாலும் அறிவிக்க வேண்டும். குறித்துத் தரச் சில நாட்கள் பிடிக்கும், அதற்கும் இப்போதே நேரம் ஒதுக்குங்கள்.

13. வெட்ட நினைக்கும் மரத்தை முதலில் நாடாவால் அளவிடுங்கள். ரொறன்ரோவில் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது கூட இருந்தால், உங்கள் சொந்த வளவில் நின்றாலும் பெர்மிட் வேண்டும். நாடாவைச் சுற்றிப் பிடித்தால் 94 சென்ரிமீற்றர் என்று நினைவில் வையுங்கள். மார்க்கம், மிசிசாகா போன்ற நகரங்களுக்குத் தனி விதிகள் உண்டு.

செய்யக்கூடாதவை

1. எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளாதீர்கள். காய்ந்த சூரியகாந்திப் பூவைக் கொத்த கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் வரும், உள்ளே வெறுமையான தண்டுகளில் காட்டுத்தேனீக்கள் குளிரைக் கழிக்கும். நோய் பிடித்த தக்காளியை மட்டும் வேரோடு பிடுங்குங்கள்.

2. நோய் பட்ட இலையைக் கம்போஸ்ட்டில் போடாதீர்கள். பூசணி இலையில் மாவு தூவியதுபோல் படரும் பூஞ்சையும் தக்காளிக் கருகலும் வீட்டுக் கம்போஸ்ட்டின் சூட்டில் சாகும் என்று நம்ப முடியாது. வசந்தத்தில் நீங்களே அதைப் பாத்திக்கு அள்ளிப் போடுவீர்கள்.

3. உதிர்ந்த இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைக்காதீர்கள். ரொறன்ரோ நகரம் எடுக்காது, காகிதப் பை வேண்டும். அதைவிட, காய்ந்த இலைமேல் புல்வெட்டும் மெஷினை இரண்டு தரம் ஓட்டுங்கள். பொடியானது பாத்திக்கு இலவச உரம். புல்மேல் மட்டும் ஈர இலையைத் தடிப்பாக விடாதீர்கள், அடியில் புல் அழுகும்.

4. வளவுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு இருந்தால் குப்பையை அங்கே தள்ளாதீர்கள். நகரம் அபராதம் போடும். உங்கள் தோட்டத்துக் கொடி காட்டுக்குள் இறங்கி உள்ளூர்ச் செடிகளை நெரிக்கவும் அது வழிவிடும்.

5. லைலாக், ஃபோர்சித்தியா, உருண்டைப் பூப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஆகியவற்றை இப்போது கத்தரிக்காதீர்கள். அடுத்த வருட மொட்டு கிளையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அழகுக்காக வெட்டினால் பூ போய்விடும். பூத்து முடிந்த கையோடு வெட்டுவதே முறை.

6. பூமரங்களுக்கும் பற்றைகளுக்கும் நைட்ரஜன் உரம் போடாதீர்கள். உரம் தளிரைத் தள்ளும், தளிர் முதல் உறைபனியில் கருகும். கம்போஸ்ட் பரப்புவதோடு நிறுத்துங்கள்.

7. அக்டோபர் நிழலைப் பார்த்துக் காய்கறிப் பாத்திக்கு இடம் முடிவு செய்யாதீர்கள். தெற்குப் பக்கம் 2 மீற்றர் வேலி இருந்தால் அதன் நண்பகல் நிழல் ரொறன்ரோவில் ஜூன் 21 அன்று முக்கால் மீற்றர்தான் விழும். அக்டோபர் 20 அளவில் அதே நிழல் ஏறக்குறைய 2.8 மீற்றருக்கு நீளும். இப்போது இருட்டாகத் தெரியும் இடம் ஜூலையில் வெயில் காய்ந்திருக்கலாம். கோடையில் எடுத்த படங்களை போனில் தேடிப் பாருங்கள்.

8. தக்காளி நின்ற பாத்தியில் அடுத்த வருடம் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வைக்கத் திட்டம் போடாதீர்கள். நாலும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மண்ணில் கிடந்து மற்றதைப் பிடிக்கும். அங்கே பயற்றங்காயோ கீரையோ போடுங்கள்.

9. புல்லுக்குள் முளைக்கும் களைக்கு எல்லை தாண்டிக் களைக்கொல்லி வாங்கி வராதீர்கள். அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்திருக்கிறது. இந்த மாதம் மண் ஈரமாக இருக்கும், வேரோடு இழுத்தால் வரும்.

10. வேலிக்கோட்டில் நிற்கும் மரத்தை அயலவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒன்ராறியோ வனச் சட்டப்படி எல்லையில் அடிமரம் நிற்கும் மரம் இரு வீட்டாருக்கும் பொது. சம்மதமில்லாமல் வெட்டினால் குற்றம். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

11. டெக், இன்டர்லொக் வேலைக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். “சீசன் முடியுது, இன்றைக்கே சைன் பண்ணினால் டிஸ்கவுன்ட்” என்று வாசலில் வந்து நிற்பவரிடம் கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்துவிட்டால், வீட்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் ரத்துச் செய்ய மாகாண நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் அறிவியுங்கள். கல் பதிக்கும் சரிவு வீட்டுப்பக்கம் சாயக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

12. டிசம்பரில் ஊருக்குப் போய் வரும்போது பெட்டிக்குள் கன்றோ தடியோ ஒளித்து வராதீர்கள். செடிக்கு இறக்குமதி அனுமதியும் அந்நாட்டு நோயற்ற சான்றிதழும் கேட்பார்கள். விமான நிலையத்தில் பறித்து அபராதமும் போடுவார்கள். இங்குள்ள நர்சரிகளிலேயே கறிவேப்பிலைக் கன்று கிடைக்கிறது.

13. உள்ளே வந்த கறிவேப்பிலைக்குக் கோடையில் ஊற்றிய அளவு தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிச்சம் குறைவு, செடி குடிப்பதும் குறைவு. மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இலை கொட்டினால் பதறி உரம் போடாதீர்கள். தண்டை நகத்தால் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.

பட்டியல் நீளம் என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். இன்று மூன்றே வேலை: போனில் இந்த வார இரவு வெப்பநிலையைப் பாருங்கள், 10க்குக் கீழே காட்டினால் கறிவேப்பிலைச் சாடியைக் கழுவி உள்ளே எடுங்கள். பேஸ்மென்ட்டில் வெளிக்குழாய் வால்வு எங்கே என்று தேடிப் பிடித்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். பிறகு ஒரு தேத்தண்ணியோடு கொப்பியை எடுத்துக்கொண்டு பின்வளவில் உட்காருங்கள். மற்ற வேலைகளுக்கு நிலம் உறையும்வரை சில வாரங்கள் கையில் இருக்கின்றன.