கன்று ஈன்ற பசுவின் முதல் நாள்

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற இருபதாம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள பசுவினத்தின் தொகை 19 கோடிக்கு மேற்பட்டது. நம் பசுக்களுள் மிகப் பல, ஒன்றிரண்டு மாடுகளை மட்டும் வைத்துப் பேணும் சிறு குடியானவரின் தொழுவங்களிலேயே கன்று ஈனுகின்றன. ஈனும் வேளையில் அங்கு மருத்துவர் உடனிருத்தல் அரிது. வீட்டாரின் கண்ணும் கையுமே துணை. ஆகவே, முதல் நாளில் செய்யத்தக்கவை இவை, தகாதவை இவை எனக் கள ஊழியரும் கிராமப் பள்ளி ஆசிரியரும் தெளிவாக அறிந்து பிறருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைத் தாயின் மடியில் விடாது நிறுத்திவைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் நிலவுகிறது. நல்லெண்ணத்தால் பின்பற்றப்படினும், அது கன்றின் உயிருக்குக் கேடு விளைப்பதாகும்.

தாயின் இயல்பு

ஈனும் வேளை நெருங்கியதும் பசு பிற மாடுகளை விட்டு ஒதுங்கி நிற்க விரும்பும். ஈன்ற சில நிமிடங்களில் எழுந்து திரும்பிக் கன்றை முகர்ந்து நக்கத் தொடங்கும். தாழ்ந்த குரலில் கனைக்கும். இவ்வாறு நக்குதலால் கன்றின் உடல் உலர்ந்து குளிர் தாக்காதிருக்கும். மூச்சும் இரத்த ஓட்டமும் தூண்டப்பெறும். மணத்தால் தாய் தன் கன்றை இன்னதென அறிந்துகொள்ளும். நலமுள்ள கன்று அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நின்று மடியைத் தேடும். சாகிவால், கிர், தார்பார்க்கர் முதலிய நாட்டினப் பசுக்களிடம் இப்பிணைப்பு மிக வலியது. கன்று அருகில் இல்லையேல் பால் சுரக்க மறுப்பன பல.

ஆதலின் தாயையும் கன்றையும் இவ்வேளையில் கூட்டமும் கூச்சலுமின்றித் தனித்து விடுதல் நலம். சாதுவான பசுவும் ஈன்றவுடன் அயலாரையும் நாயையும் முட்ட வரக்கூடும். தலையீற்றுக் கிடேரி தன் கன்றைக் கண்டே மருண்டு உதைப்பதும் உண்டு. அப்போது அதனை அடித்தல் ஆகாது. கன்றின் முதுகில் சிறிது தவிட்டைத் தூவினால் அது நக்கத் தொடங்கிப் படிப்படியாகக் கன்றை ஏற்றுக்கொள்ளும். தாய் நக்காவிடில் உலர்ந்த வைக்கோலாலோ கோணியாலோ கன்றை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். மூக்கிலும் வாயிலுமுள்ள சளியை அகற்றுதலும், தொப்புள்கொடியின் முனையில் டிங்சர் அயோடின் தடவுதலும் உடனே செய்யத்தக்கவை.

சீம்பால் காத்திருக்கலாகாது

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்போ அவற்றைக் கன்றுக்குச் செல்லவிடுவதில்லை. ஆகவே கன்று ஏறக்குறைய எவ்விதக் கவசமும் இன்றியே பிறக்கிறது; அதற்கு உரிய கவசம் சீம்பாலில்தான் உள்ளது. சீம்பாலை அடுப்பிலேற்றினால் அது கட்டியாக உறைவதை யாவரும் கண்டிருப்பர். அவ்வாறு உறைவன புரதங்கள். அவற்றுள் கணிசமான பங்கு நோய் எதிர்ப்புப் புரதமே. கன்றுக்குரிய சீம்பாலைக் கொதிக்க வைத்தலாகாது என்பதற்குக் காரணமும் இதுவே.

இப்புரதம் சிதையாமல் குடற்சுவரின் வழியே இரத்தத்தில் சேர்தல் பிறந்த சில மணி நேரம் மட்டுமே இயலும். அவ்வாற்றல் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. அதன்பின் ஊட்டும் சீம்பால் உணவாகச் செரிக்குமேயன்றி, இரத்தத்தில் கவசமாகச் சேராது. எனவே முதல் ஊட்டு ஒரு மணி நேரத்திற்குள் நிகழ்தல் வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குரிய அளவாகும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதில் பாதியேனும் முதல் ஊட்டிலும், எஞ்சியது 12 மணி நேரத்திற்குள்ளும் சேர்தல் நலம். தாயிடம் சீம்பால் இல்லையேல் அண்மையில் ஈன்ற வேறொரு பசுவின் சீம்பாலை ஊட்டலாம். சீம்பாலில் இனிப்பு செய்து உண்போர், கன்று பருகியபின் எஞ்சியதைக் கொண்டு செய்வாராக.

நஞ்சுக்கொடியைப் பற்றிய அச்சம்

கன்று ஊட்டினாலோ பால் கறந்தாலோ நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிவிடும் என்பது மக்களின் அச்சம். உண்மையில் கன்று மடியை முட்டிச் சப்பும்பொழுது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியினின்று ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் வெளிப்படுகிறது. பாலை இறங்கச் செய்வதும் அதுவே, கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுவே. எனவே கன்று ஊட்டுதல் நஞ்சுக்கொடி விழுவதற்குத் தடையாவதில்லை.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்திற்குள் தானே விழும். அது கருப்பைச் சுவரில் பல பத்து முடிச்சுகளால் இணைக்கப்பட்டிருப்பதால், கையால் இழுத்தாலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலும் முடிச்சுகள் பிய்ந்து, இரத்தப் பெருக்கும் சீழ்நோயும் உண்டாகும். குறித்த நேரத்தில் விழாவிடில் கால்நடை மருத்துவரை அழைத்தலே வழி. விழுந்த கொடியைப் பசு தின்ன விடாமல் எடுத்து, சுண்ணாம்பு இட்டு ஆழக் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். அதனை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸின் கிருமிகள் அக்கொடியில் மிகுதியாக இருக்கக்கூடும். அந்நோய் மனிதரையும் பற்றுவது. ஆதலின் அதனை வெறுங்கையால் தொடுதலும் ஆகாது.

பசுவின் உடல்நிலை

ஈன்ற பசு களைப்பும் நீர்வேட்கையும் உடையது. வெதுவெதுப்பான நீரை வேண்டுமட்டும் பருகத் தந்து, தவிடும் சிறிது வெல்லமும் கலந்த எளிய உணவும் பசும்புல்லும் கொடுக்கலாம். அடர்தீவனத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

மிகுதியாகப் பால் தரும் கலப்பினப் பசுக்களுக்கு மற்றோர் அபாயம் உண்டு. பத்து லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 23 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. இது எந்நேரமும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியத்தைப் போல் பல மடங்காகும். எலும்பினின்றும் உணவினின்றும் இக்குறை விரைவில் ஈடுசெய்யப்படாவிடில் பால்காய்ச்சல் என்னும் நோய் தோன்றும். பெயர் காய்ச்சல் எனினும் உடல் சூடேறுவதில்லை. மாறாகக் காதுகள் குளிர்ந்திருக்கும். பசு தள்ளாடிப் படுத்து எழ இயலாது, தலையை விலாப்பக்கம் மடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் ஈன்ற மூன்று நாள்களுக்குள் இது நேர்கிறது. மருத்துவர் வந்து கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் மெல்லச் செலுத்தினால் விரைவில் பசு எழுந்துவிடும், தாமதித்தால் உயிர்போகும். அவர் வரும்வரை, பசு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் நெஞ்சின்மேல் அமர்ந்திருக்குமாறு வைக்கோற் கட்டுகளால் முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்குமாதலால், வாயில் எம்மருந்தையும் ஊற்றலாகாது. ஊற்றினால் அது நுரையீரலுட் செல்லும். இத்தகைய பசுக்களை முதல் இரண்டு மூன்று நாள் மடி வற்றக் கறவாதிருத்தல் நன்று.

ஆசிரியர் கவனத்திற்கு

மாணவர் வீட்டில் பசு ஈனும்போது நான்கு நேரங்களைக் குறித்துவரச் செய்யலாம்: கன்று பிறந்த நேரம், எழுந்து நின்ற நேரம், முதலில் ஊட்டிய நேரம், நஞ்சுக்கொடி விழுந்த நேரம். இவ்வாறு பத்துப் பசுக்களின் குறிப்புகள் சேர்ந்தால், கொடி விழுமுன்னரே ஊட்டிய கன்றுகளின் தாய்க்கு யாதொரு தீங்கும் நேரவில்லை என்பதை ஊரார் தம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே காண்பர். பரம்பரை வழக்கத்தைப் பழித்துப் பேசுவதால் அது மாறுவதில்லை. கண்ணால் கண்டபின் தானே மாறும். அவ்வாறு மாறுமாயின், முன்பு காத்திருந்தே மடிந்த கன்றுகளின் இடத்தில் நாளைய கறவைப் பசுக்கள் நிற்கும்.