ஓவர்லாக் தெரியும், ஓவர்கிளாக்?

பத்தாம் வகுப்பில் ‘மின்னோட்டவியல்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்திறன், மின்னோட்டத்தின் வெப்ப விளைவு ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சார், கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் பண்ணுனா ஸ்பீடு ஏறுமுங்களா?”

வகுப்பே சிரித்தது. “ஓவர்லாக் மிஷின் இவங்கம்மாதானுங்க சார் ஓட்டுறாங்க” என்றாள் ஒரு மாணவி. திருப்பூரில் இந்தச் சிரிப்பு இயல்புதான். பனியன் துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை அறியாத பிள்ளைகள் எங்கள் பள்ளியில் குறைவு.

ஆனால் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுடைய அண்ணன் வீட்டிலேயே பழைய கணினி ஒன்றில் பனியனுக்கான பிரிண்டிங் டிசைன் போட்டுக் கொடுக்கிறார். கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. வோல்டேஜை ஏற்றினால் வேகம் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தவன், அன்றிரவே செய்துபார்க்க இருந்தான். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினிதான்.

“நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் அதைத் தொடாதே தம்பி” என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கணினியின் வேகத்தை நானும் ஏற்றினேன். கணினி திறந்தது, பாட்டு ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலைச் சேமிக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றது. அந்தக் கோப்பு பிறகு திறக்கவே இல்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தேன். ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு என்பது அன்றுதான் புரிந்தது.

மறுநாள் பாடத்தை அவன் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு தையல் விழுகிறது. அதுபோலக் கணினியின் செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 40 என்றால் வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 43 ஆக்கினால் 4.3 கிகாஹெர்ட்ஸ். நிர்ணயித்த அளவுக்கு மேல் இப்படி ஏற்றுவதே ஓவர்கிளாக்.

“தையல் மிஷினை ரொம்ப வேகமா ஓட்டுனா என்ன ஆகும்?” என்று கேட்டேன். “ஊசி சூடாகும்”, “நூல் அறும்”, “தையல் விட்டுப்போகும்” என்று பதில்கள் வந்தன. செயலியிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது; அந்த ஆற்றல் வெப்பமாகிறது. இந்த மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவுக்கு நேர்த்தகவில் இருக்கும்.

மாணவர்களையே கணக்கிடச் சொன்னேன். வேகம் 4.0-லிருந்து 4.3 ஆனால் 7.5 சதவீதம் உயர்வு. மின்னழுத்தத்தைத் தொடாவிட்டால் மின்திறனும் 7.5 சதவீதமே கூடும். அதைத் தாங்க மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.26 ஆக்கினால்? 1.05 × 1.05 × 1.075 = 1.185. வேகம் 7.5 சதவீதம் கூட, வெப்பம் 18.5 சதவீதம் கூடுகிறது. “வோல்டேஜுதான் சூட்டை ஏத்துதுங்க சார்” என்று அவனே சொன்னான்.

பிறகு, செய்வதென்றால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை எழுதிப் போட்டேன்.

1. முதலில் செயலியும் மதர்போர்டும் இதை அனுமதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் பெயரின் இறுதியில் ‘கே’ உள்ளவற்றில்தான் பெருக்கியை ஏற்ற முடியும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவற்றில் முடியும் என்றாலும் எல்லா மதர்போர்டும் இடம் தராது. இதனால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. மடிக்கணினியில் முயல வேண்டாம்.

2. முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். தூசியை நீக்கி, முழு வேலைப்பளுவில் இப்போதுள்ள வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. பயாஸில் பெருக்கியை மட்டும் ஒரு படி ஏற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. சில மதர்போர்டுகள் மின்னழுத்தத்தைத் தாமாகவே ஏற்றிவிடும். குறித்துவைத்த அளவோடு ஒப்பிட வேண்டும்.

4. ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம் சோதிக்க வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக உருவான பிரைம்95 மென்பொருளில் இதற்கான சோதனை உண்டு. விடை தெரிந்த கணக்குகளைச் செய்யவைத்து, தவறினால் காட்டிவிடும். வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்திவிடலாம்.

5. ஒரு பிழை வந்தாலும் ஒன்றிரண்டு படிகள் இறங்க வேண்டும். இறுதியாகத் தேர்ந்த வேகத்தில் பல மணி நேரச் சோதனை தேவை. கணினி திறக்காவிட்டால் பயாஸை மீட்டமைக்கலாம்.

இன்னொன்றும் சொன்னேன். மார்கழியில் அறை 25 டிகிரி இருக்கும்போது சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சித்திரையில் அறை 36 டிகிரி ஆனால் செயலியும் ஏறத்தாழ 11 டிகிரி கூடுதலாகச் சூடாகும்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனும் தம்பியும் கணினிப் பெட்டியை என் வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்தோம். செயலியின் பெயரைப் பார்த்தால் அது பெருக்கியை ஏற்ற முடியாத வகை. பையனின் முகம் வாடிவிட்டது. ஆனால் வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகளைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. வேலைக்குப் போய்வரும் உடையிலும் வீட்டில் அடுக்கிய துணிகளிலும் இருந்து வந்த பஞ்சு, மின்விசிறிக்கு அடியில் மெத்தைபோல் படிந்திருந்தது. காற்று போக வழியில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கணினி அப்படித்தான் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தது.

விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பஞ்சை ஊதி எடுத்தோம். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். கணினி தனக்குரிய வேகத்துக்குத் திரும்பியது. திங்கட்கிழமை அவன் வந்து சொன்னான்: “எங்கம்மா திட்டுனாங்க சார். நான் டெய்லி மிஷின்ல பஞ்சு தட்டிட்டுத்தான் உக்காருறேன், நீங்க ஒரு நாளாவது அதைத் தொறந்து பாத்தீங்களான்னு.”

ஆசிரிய நண்பர்களே, மின்திறன் பாடத்துக்கு இந்தக் கணக்கை வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள். வெவ்வேறு மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கொடுத்து அட்டவணை போடச் செய்யலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் மட்டும் வேகத்தை ஏற்றிப் பார்க்க வேண்டாம். அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. அங்கே வெப்பநிலையை அளந்து நாள்தோறும் குறிக்கும் வேலையை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். எங்கள் பள்ளியில் அந்தக் குறிப்பேட்டை இப்போது அவன்தான் வைத்திருக்கிறான்.